அண்ணி இருக்கும் இடம்

அண்ணி வீட்டைவிட்டுப் போய் அன்றோடு மூன்றாவது நாள். போகும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சனிக்கிழமை காலையில் அண்ணன் கடையைத் திறக்கப் போனான், மதியம் சாப்பிட வந்தபோது வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். அவ்வளவுதான். அந்தச் செய்தி போனில் வந்ததிலிருந்து சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தாள்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வயது முப்பதைத் தாண்டியும் அது போகவில்லை. ஆபீசில் அவளுக்கு நீளமான பதவிப்பெயர் ஒன்று உண்டு. பல நாடுகளில் பெண்களுக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பின் நகரக் கிளையில் திட்ட அலுவலர். எந்த ஊரில் பெண்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப யோசிக்கிறார்கள், எங்கே புருஷன் கையெழுத்துப் போடாமல் மனைவிக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது, எங்கே சட்டம் காகிதத்தோடு சரி என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேடை ஏறினால் முதல் வாக்கியமே, "உலகத்தில் மூன்றில் ஒரு பெண் அடிபடுகிறாள்" என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு எதிரே இருப்பவர்களை வரிசை வரிசையாகப் பார்ப்பாள். கூட்டம் கப்சிப் என்று ஆகிவிடும்.

அண்ணன் மருந்துக்கடை வைத்திருந்தான். அந்தத் தெருவில் அவனைப் பிடிக்காத ஆள் கிடையாது. கிழவர்களுக்கு மாத்திரை அட்டையில் காலை, மாலை என்று பேனாவால் எழுதிக் கொடுப்பான். அப்பா போன பிறகு காலேஜை நிறுத்திவிட்டு இன்னொருவர் கடையில் நின்று, சின்னவளைப் படிக்க வைத்தவன். அவள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்த நாட்களில் பஞ்சும் துணியுமாகத் தரையில் உட்கார்ந்து கட்டுப் போட்டவன். கோபப்பட்டு அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை.

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்று அன்று காலையிலும் கேட்டான். தூங்காத குரல்.

"கேட்டுட்டுத்தான் இருக்கேன் அண்ணா. அண்ணி போனுக்கு மறுபடி அடிச்சுப் பாத்தியா?"

"போன் வீட்லயேதான் கிடக்கு. அவ என்னைக்கு அதை எடுத்துட்டுப் போயிருக்கா?"

அது வாஸ்தவம். அண்ணியைப் போனில் பிடிப்பது குதிரைக் கொம்பு. எங்காவது மறந்து வைத்துவிடுவாள், இல்லையென்றால் சார்ஜ் இருக்காது. வீட்டில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

"சின்னவளே, உன் ஆபீஸ்ல ஆயிரம் பேரைத் தெரியுமே, ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் எல்லாத்துலயும் விசாரி."

"சரிண்ணா" என்றாள். நிஜமாகவே விசாரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் அன்று பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அடிபட்டு வீட்டைவிட்டு வரும் பெண்களுக்காக அமைப்பு நடத்தும் காப்பகத்துக்கு அவர்களைக் கூட்டிப்போய்க் காட்டி, அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்வது அவள் பொறுப்பு. தள்ளிப்போட வழியில்லை.

வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஓர் அம்மாள் எங்கோ தொலைதூர நாட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டி, ஓடுகிறவர்கள் போடும் ஷூ போட்டிருந்தார். வேனில் வரும்போது சின்னவள் பேனாவின் தலையை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்ததை அவர் கவனித்தார்.

காப்பகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பக்கத்துக் கடையில் கேட்டால் லேடீஸ் ஹாஸ்டல் என்பார்கள். இரட்டைக் கதவு, கதவில் சின்ன ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் வார்டனின் மூக்குக்கண்ணாடி. உள்ளே போனால் சாதாரண வீடுதான். கட்டில்கள், கம்ப்யூட்டர் வகுப்பு, யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை, சுவரில் குழந்தைகள் கிறுக்கிய கிரேயான் சூரியன்கள். யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்பது வார்டனுக்குத்தான் தெரியும். ஆபீசுக்கு வெறும் எண்ணிக்கைதான் வரும்.

சின்னவள் நடைவழியில் நின்று விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அப்போது விளையாட்டு அறையிலிருந்து ஒரு குழந்தை தலைதெறிக்க ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"அத்தை!"

குட்டி. அண்ணன் மகள்.

சின்னவளுக்குப் பேச்சு பாதியில் அறுந்தது. நிமிர்ந்தால், அறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். நனைத்த துணி வாளி கையில். முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்தக் குழந்தைக்கு உங்களைத் தெரியுமா?" என்று நீதிபதி அம்மாள் தன் மொழியில் கேட்டார்.

"இங்கே எல்லாக் குழந்தைகளும் எங்களை அத்தை என்றுதான் கூப்பிடும்" என்று சின்னவள் அதே மொழியில் பதில் சொன்னாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தங்கியிருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடாது என்பது அங்கே முதல் விதி. குட்டியின் விரல்களைத் தன் காலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அந்த மொழி குழந்தைக்குப் புரியவில்லை, விரலைப் பிரித்தது புரிந்தது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டது.

மீதியை எப்படிச் சுற்றிக் காட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. விருந்தாளிகள் டீ குடிக்க உட்கார்ந்ததும் வார்டனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே அண்ணி ஒரு சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. துணியின் நுனி வெளியே தெரியாமல் உள்பக்கமாக மடித்துச் செருகிய சுத்தமான கட்டு. அதை யார் போட்டது என்று சின்னவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த மடிப்பை அவள் முழங்காலுக்குத் தெரியும்.



"எப்பலேர்ந்து அண்ணி?"

"குட்டி பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எந்தப் போன்ல சொல்றது? அது அவர் சட்டைப் பையிலதானே இருக்கும். நீ கூப்பிட்டா ஸ்பீக்கர்ல போட்டுக் குடுப்பாரு. பக்கத்துலயே நிப்பாரு."

"நீங்க மறந்து வச்சுடுவீங்கன்னு..."

"ஆமா, எல்லாரும் சிரிப்பீங்க. நானும்தான் சிரிச்சேன்." அண்ணி சட்டையைக் கொடியில் போட்டு இழுத்துவிட்டாள். "ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. மருந்தெல்லாம் வீட்லயே இருக்கே. அடிச்ச கையே தடவிக் குடுக்கும். அழுதுக்கிட்டே தடவுவாரு. அதைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கும்."

சின்னவளால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கொடிக்கு அந்தப் பக்கம் போனாள், இந்தப் பக்கம் வந்தாள்.

"இந்த இடம் எப்படித் தெரிஞ்சுது?"

"உன்னாலதான். சாப்பிட உக்காந்தா இதைத்தானே பேசுவ. எந்த வீட்டுலேர்ந்து எவ கூப்பிட்டாலும் வண்டி வந்து நிக்கும்னு நம்பரோட சொன்ன. பரிமாறிக்கிட்டே மனப்பாடம் பண்ணிட்டேன். எதிர்வீட்டு டீச்சர் போன்ல கூப்பிட்டேன். வந்துட்டாங்க."

"அப்ப நேரா என் வீட்டுக்கே வந்திருக்கலாமே அண்ணி. நான் பாத்துக்க மாட்டேனா?"

அண்ணி அவளை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. "நீ அவரோட தங்கச்சி. உனக்கு அவர் செஞ்சதெல்லாம் எனக்குத் தெரியும். நீ என்ன பண்ணுவேன்னுதான் எனக்குத் தெரியல. இந்தத் தடவை தெரியாத இடத்துல கால வைக்கற தைரியம் எனக்கு இல்ல."

கீழே இறங்கும்போது படியில் நீதிபதி அம்மாள் எதிரே வந்தார். சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். "எங்கள் ஊரில் ஒருமுறை என் சொந்தத் தம்பியின் வழக்கே என் கோர்ட்டுக்கு வந்தது. அவன் மனைவி போட்ட வழக்கு. நான் எழுந்து வெளியே போய்விட்டேன், வேறு நீதிபதி கேட்டார். அன்றைக்கு முழுக்க கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். செருப்பு அறுந்துவிட்டது" என்றார். சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் சின்னவள் நேராக டைரக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். டைரக்டர் வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை.

"இனிமே அந்தக் காப்பகத்துப் பக்கம் நீ போகக்கூடாது. அவங்க கேஸை நான் பாத்துக்கறேன்."

"வீட்ல கேப்பாங்களே மேடம்?"

"தெரியும்னும் சொல்லாத, தெரியாதுன்னும் சொல்லாத."

"அது எப்படி முடியும்?"

"முடியாதுதான். ஆனா எத்தனை பேருக்கு இதையே ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்திருக்க" என்றார் டைரக்டர்.

அண்ணன் வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அம்மா நான்கு தடவை கூப்பிட்டுவிட்டாள். போனாள்.

அண்ணன் கடையைத் திறக்கவில்லை. சோபாவில் குட்டியின் பொம்மை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாடி முளைத்து, கண் உள்ளே போய், பார்க்கவே பரிதாபமாக இருந்தான். அவனைப் பார்த்ததும் சின்னவளுக்கு அழுகை முட்டியது. அழுகை வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. எந்த அண்ணனுக்காக அழுவது?

"என்னடி, ஆபீஸ்ல கேட்டியா?" என்றாள் அம்மா.

சின்னவள் மென்று முழுங்கினாள். "கேக்கணும்."

"இன்னுமா கேக்கல?"

அவள் தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குப் போனாள். அம்மாவும் பின்னாலேயே வந்து கதவை ஒருக்களித்தாள்.

"உன் மூஞ்சியே சரியில்ல. உனக்கு ஏதோ தெரியும்."

"அம்மா, உனக்கு என்ன தெரியும்? அதை முதல்ல சொல்லு. இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்திருக்க. உனக்குக் கேட்டதே இல்லையா?"

அம்மா மேடையைத் துடைக்கத் துணியை எடுத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "எல்லா வீட்லயும் இருக்கறதுதான். உங்கப்பா பண்ணாததையா இவன் பண்ணிட்டான்? நான் பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடினேனா?"

சின்னவள் டம்ளரை வைத்தாள். அப்பாவை அவளுக்கு நினைவே சரியாக இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர் என்று மட்டும் ஞாபகம். மூன்றில் ஒருத்தி என்பது மேடையில் சொல்கிற கணக்கு. இந்த வீட்டுக்குள் இருந்த பெண்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர். மிச்சம் இருந்த ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறாள்.

"அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா? அப்பா உன்னை..."

"அவன்தான் நடுவுல வந்து நிப்பான். சின்னப் பையன். ரெண்டு அடி அவனுக்கும் விழும்." அம்மா துணியை மடித்து வைத்தாள். "அவனைக் கைவிட்டுடாதடி."

இருவரும் கூடத்துக்குத் திரும்பியபோது அண்ணன் சின்னவளின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். திறக்கிற எண் அவனுக்குத் தெரியும், அவள் பிறந்த வருஷம்தான்.

"இன்னிக்கு மத்தியானம் வார்டன்னு ஒருத்தரோட ரெண்டு தடவை பேசியிருக்க" என்றான். குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது.

"போனைக் குடுண்ணா."

"கூப்பிட்டுப் பாத்தேன். ஒரு பொம்பளை எடுத்தா. நான் பேசினதும் வச்சுட்டா." அவன் போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போட்டுவிட்டுப் பையைத் தட்டி வைத்தான். வெகுநாள் பழக்கத்தில் செய்கிறவனைப் போல. "அவ எங்க இருக்கா?"

அடி இல்லை, திட்டு இல்லை. ஒரு போன் ஒரு பையில் விழுந்தது, அவ்வளவுதான். அதற்கே சின்னவளுக்கு நாக்கு வறண்டது. இந்தப் பயத்துக்குள்ளேயே அண்ணி வருஷக்கணக்கில் சமைத்துப் பரிமாறி, குழந்தையைக் குளிப்பாட்டி, வந்தவர்களோடு சிரித்திருக்கிறாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். டைரக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. "எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் பத்திரமா இருக்காங்க. நீ தேடறதை நிறுத்து."

"உன்னைப் படிக்க வச்சது நான்."

"ஆமா. நீதான். இல்லேங்கல."

"என் குழந்தையை எங்கிட்டேருந்து பிரிக்கறதுக்கா படிச்ச?"

அவன் எழுந்து வாசல் கதவருகே போய்த் தாழ்ப்பாள் மேல் கையை வைத்தான். போடவில்லை, வைத்துக்கொண்டு நின்றான். "நீ சொல்ற வரைக்கும் யாரும் எங்கயும் போக வேணாம். உக்காரு சின்னவளே. டீ போடச் சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் நேராக நடந்துபோய் மகன் முன்னால் நின்றாள். பள்ளிக்கூடப் பையனின் பையிலிருந்து கோலிக்குண்டை எடுப்பதைப் போல அவன் சட்டைப் பையில் கையைவிட்டுப் போனை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. அம்மாவின் கை தன் மேல் பட்டதும் என்னவோபோல் ஆகிவிட்டான்.

"நகருடா" என்றாள். போனை மகள் கையில் திணித்தாள். "போ. போடி இங்கேருந்து."

"நீயும் வாம்மா."

"நான் எங்க வர்றது? இவனுக்கு யாரு இருக்கா?"

சின்னவள் தெருவில் இறங்கி நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்க முடியாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தாள், அங்கேயும் நிற்காமல் அதற்கும் அடுத்ததற்கு. வழியிலேயே வார்டனைக் கூப்பிட்டு, நம்பர் அண்ணன் கைக்குப் போய்விட்டது என்று சொன்னாள். வார்டன் திட்டவில்லை. "சரி, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் அண்ணியையும் குட்டியையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று சின்னவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அண்ணன் போலீசுக்குப் போனான். அங்கே, உங்கள் மனைவி ஏற்கெனவே புகார் கொடுத்துவிட்டார், கோர்ட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வழக்கு நடந்தபோது சின்னவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். அதுவரை எத்தனையோ மேடையில் பேசியவள், அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று எதுவும் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள்: மணிக்கட்டுக் கட்டு, சட்டைப் பை, தாழ்ப்பாள். எதிர்த்தரப்பு வக்கீல், "உங்களை வளர்த்து ஆளாக்கியது யார்?" என்று கேட்டார். "எங்க அண்ணன்" என்றாள். "அப்படிப்பட்டவர் மேலா இந்தப் பழி?" "அப்படிப்பட்டவர்தாங்க." அண்ணன் தலை குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இறங்கும்போது அவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவன் நிமிரவில்லை.

தீர்ப்பு அண்ணி பக்கம் வந்தது. அண்ணன் அவள் இருக்கும் இடத்துக்குப் போகக்கூடாது, மாதம் ஒருமுறை கோர்ட் அறையில், கோர்ட் ஆள் ஒருவர் கூட இருக்க, குழந்தையைப் பார்க்கலாம். அண்ணி அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று டைரக்டர் சொன்னார். ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அண்ணியே கூப்பிட்டாள். "இது என் போன். என் பையில இருக்கு" என்றாள். குட்டி அத்தையோடு பேசமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. அப்புறம் தன் பல் விழுந்த கதையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

நீதிபதி அம்மாள் தலைமை அலுவலகத்திலிருந்து எழுதியிருந்தார்: உலக மாநாடு வருகிறது, கிளையின் சார்பில் நீங்கள் வந்து பேச முடியுமா என்று. சின்னவள் இன்னும் பதில் போடவில்லை. ஹெல்ப்லைன் மேஜையில் உட்காரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அங்கே போன் மணி அடிக்காத நேரத்தில்தான் அவளுக்குப் பதற்றம்.

அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்க வருவாள். அண்ணன் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. மருந்துக்கடை பழையபடி நடக்கிறது, தெருவில் அவனைப் பிடிக்காதவர்கள் இப்போதும் கிடையாது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு அம்மா வந்தாள். குடையை மடித்து மூலையில் வைத்தாள். டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உங்க அந்த இடத்துல வயசானவங்களைச் சேத்துக்குவாங்களா?"

சின்னவள் திரும்பினாள். "யாருக்கும்மா?"

"சும்மா கேட்டேன். எதிர்வீட்டு டீச்சர் கேட்டாங்க."

"டீச்சருக்கு வயசாகலையேம்மா."

அம்மா டீயைக் குடித்தாள். ஈரம்தான் காரணம் என்பதுபோல் முந்தானையை மணிக்கட்டு வரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சின்னவள் கிட்டே போய், கேட்காமல் அந்தத் துணியை மெல்ல மேலே ஒதுக்கினாள். அடியில், நுனியை உள்பக்கமாக மடித்துச் செருகிய கட்டு. அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று அம்மா திரும்பிப் போகவில்லை. இருட்டுவதற்கு முன் அண்ணனின் போன் வந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று சின்னவள் அறைக்குள் அங்குமிங்கும் நடந்தாள். மணி நின்றது, மறுபடி அடித்தது.

"குடு, நான் பேசறேன்" என்று அம்மா கையை நீட்டினாள்.